மூக்கில் ஒட்டிய புத்தகம்

வில்லாபுரத்தில் எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் உள்ள பூங்காவில் காலையில் நடக்க வருகிறோமே, நாம் ஆறு பேர், நமக்குள் இப்போது பேரப்பிள்ளைகளின் படிப்பைத் தவிர வேறு பேச்சே கிடையாது. போன வருஷம் வரை சர்க்கரை, அதற்கு முன்பு முழங்கால். நேற்று உங்களில் ஒருவர், பாங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர், தன் பேத்தியைப் பற்றிச் சொன்னார். "புத்தகத்த விட்டு மூஞ்சிய எடுக்கவே மாட்டேங்கிறா சார். மூக்குலயே ஒட்டிக்கிட்டு இருக்கு. யாருக்கு வரும் அந்த உழைப்பு?" நீங்கள் நாலு பேரும் தலையாட்டினீர்கள். நான் மட்டும், "எதுக்கும் கண் டாக்டர்கிட்ட ஒரு தடவ காட்டிருங்க" என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. "நல்லது சொல்லும்போது எதுக்கு சார் இப்படி" என்று எழுந்து போய்விட்டார். பெஞ்சில் ஐந்து பேர் மிச்சம். அந்த ஐந்தில் ஒருவரும் அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை, நான் உட்பட.

அதனால்தான் எழுதுகிறேன். வாயால் சொன்னால் எனக்குக் கோபம் வந்து பாதியில் நின்றுவிடும்.

எங்கள் ஊர் திருமங்கலத்துக்கு மேற்கே, கண்மாய்க் கரையை ஒட்டியது. அப்பாவுக்குச் சொந்தமாகக் குழி நிலம் கிடையாது. சம்சாரி என்று எங்கள் பக்கம் சொல்கிற நிலக்காரர் ஒருவரின் வயல்களுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற கூலி ஆள். எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. ஆனால் கண் இருந்ததே, அந்தக் கண்ணை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை. கண்மாயின் அந்தக் கரையில் மாடு ஒன்று இறங்கினால் இந்தக் கரையில் இருந்தபடியே, "அது கீழத்தெரு செவலை, கொம்பு முறிஞ்சது" என்பார். எனக்கு அங்கே கரையே தெரியாது. எல்லோருக்கும் அப்படித்தான் இருக்கும், பெரியவர்களானால் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது யாரிடமும் கேட்க வேண்டிய விஷயமாகத் தோன்றவில்லை. காற்று ஏன் தெரிவதில்லை என்று யாராவது கேட்பார்களா?

பள்ளிக்கூடம் ஒரே அறை, ஒரே வாத்தியார். உயரப்படி உட்கார வைப்பார். நான் வயதுக்கு மீறிய உயரம், ஆகவே கடைசி வரிசை. சுவரில் சாய்ந்துகொள்ளலாம் என்பது ஒன்றுதான் அதில் லாபம். எங்கள் வாத்தியாருக்கு நல்ல வழக்கம் ஒன்று இருந்தது: கரும்பலகையில் எழுதும்போதே உரக்க வாசித்துக்கொண்டே எழுதுவார். நான் காதால் பிடித்துக்கொள்வேன். பிடிபடாமல் போனதை, பிள்ளைகள் எல்லாம் ஓடிய பிறகு, பலகைக்கு முன்னால் போய் நின்று எழுதிக்கொள்வேன். மூக்கில் சுண்ணாம்புக் கட்டியின் தூள் ஏறும். சட்டையின் மூன்று பொத்தான்களும் (நாலாவது எப்போதோ போயிருந்தது) வெள்ளையாகிவிடும். வீட்டுக்குப் போய் அதை மறுபடி ஒழுங்காக எழுதுவேன், ஏனென்றால் நின்றபடி எழுதியது எனக்கே புரியாது. பிறகு மறந்துபோகுமே என்ற பயத்தில் இன்னொரு தடவை.

ஒருநாள் வாத்தியார் வயல்பக்கம் வந்தபோது அப்பாவிடம் சொன்னார்: "உன் மகன் மாதிரி ஒரு பிள்ளைய நான் பாத்ததில்லப்பா. மணி அடிச்சாலும் போக மாட்டேங்கிறான். பலகைய மோந்து பாத்துக்கிட்டே நிக்கிறான்."

அப்பா மண்வெட்டியை வரப்பில் வைத்துவிட்டுக் கும்பிட்டாராம். தண்ணீர் மடை மாறி அடுத்தவர் வயலுக்குப் போய்விட்டது. அதற்கு வாங்கிய திட்டைக்கூட ரொம்ப நாள் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த ஐந்தாம் வகுப்புக் காலத்தைத்தான் சொல்ல வருகிறேன். கார்த்திகையில் தொடங்கி வெயில் ஏறும்வரை. மதுரையில் இருந்த மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றில் ஆறாம் வகுப்புக்குத் தேர்வு வைத்து, நன்றாக எழுதுகிற பிள்ளைகளை விடுதியில் சேர்த்துக்கொள்கிறார்கள் என்று வாத்தியார் அப்பாவிடம் சொல்லிவிட்டார். அவ்வளவுதான். அப்பாவின் முழு உயிரும் அதில் போய் உட்கார்ந்துகொண்டது. நான் அந்த இடத்தைப் பிடித்தால் எங்கள் வம்சத்தில் மண்வெட்டி பிடிக்காத முதல் ஆள். பிடிக்காவிட்டால், அடுத்த சித்திரையிலேயே சம்சாரி வீட்டு மாடுகளுக்கு நான் போக வேண்டும். சம்சாரியம்மா அதை ஏற்கெனவே கேட்டு வைத்திருந்தார்.

சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து படிப்பேன். புத்தகத்தை மூக்குக்கு நேராகப் பிடித்தால்தான் எழுத்து நிற்கும். காகிதத்தின் வாசனை, முந்தைய பிள்ளை தொட்டுத் தொட்டு ஏற்றிய எண்ணெய் வாசனை, எல்லாம் பாடத்தோடு சேர்ந்தே உள்ளே போகும். போகிற வருகிற ஆட்களை அப்பா நிறுத்துவார்.

"பாத்தீகளா? நீங்க வந்தீக, நின்னீக, இருமுனீக. தலையத் தூக்குனானா?"

"தூக்கலப்பா."

"தூக்க மாட்டான். இடி விழுந்தாலும் தூக்க மாட்டான்."

உண்மை என்னவென்றால், தூக்கினால் மறுபடி அந்த வரியைத் தேடிப் பிடிப்பதற்குள் இருட்டிவிடும். சம்சாரியம்மா தன் வீட்டுக்கு வந்த விருந்தாளிகளைக்கூட ஒருநாள் கூட்டிக்கொண்டு வந்து காட்டினார். வேடிக்கை பார்த்தவர்கள் ஐந்து பேர். நான் பார்க்கவில்லை, கொலுசுச் சத்தத்தை வைத்துத் தெரிந்துகொண்டேன்.

பிறகு தலைவலி தொடங்கியது. புருவத்துக்கு நடுவில் ஆணி அடித்த மாதிரி. கண்ணில் நீர் வழிந்துகொண்டே இருக்கும். அம்மா முதலில் சூடு என்றாள். தலையில் விளக்கெண்ணெய் வைத்துக் குளிப்பாட்டினாள். பக்கத்து வீட்டில் பிள்ளை பெற்றிருந்த அக்கா ஒருத்தி என்னை மடியில் சாய்த்து இரண்டு கண்ணிலும் பால் பீச்சிவிட்டாள். அது வெதுவெதுப்பாக, சுகமாக இருந்தது. ஆனால் அப்பாவுக்குச் சூட்டில் நம்பிக்கையில்லை. அவருக்குக் காரணம் தெரிந்துவிட்டது.

"ஊரு பூராம் பாத்து வாயப் பொளக்குது. திருஷ்டி படாம என்ன செய்யும்?"

அன்றிலிருந்து விளக்கு வைக்கிற நேரத்தில் என்னைக் கிழக்குப் பார்த்து உட்கார வைத்து, மிளகாய் வற்றல், கல் உப்பு, தெருமண் மூன்றையும் என் தலையைச் சுற்றி அடுப்பில் போட்டார்கள். நெருப்பில் மிளகாய் கமறவில்லையென்றால் திருஷ்டி இருக்கிறது என்று அர்த்தம். கமறினால் இல்லை. எங்கள் வீட்டு மிளகாய் கமறியது. வீடே இருமியது. கோழிகள் வெளியே ஓடின. என் கண் இரண்டும் கொவ்வைப்பழமாகிவிட்டது.

அம்மா இருமிக்கொண்டே சொன்னாள்: "ஏங்க, இம்புட்டுக் கமறுதே. திருஷ்டி ஒண்ணும் இல்லைங்க."

"எங்க கமறுது? எனக்கு ஒண்ணும் தெரியல," என்றார் அப்பா, மூக்கிலிருந்து நீர் ஒழுக. "இன்னும் ரெண்டு மிளகாய் போடு."

சிரிக்கிறீர்களா? நானும் இப்போது சிரிக்கிறேன். அன்றைக்கு, புகை அடங்கியதும் மறுபடி புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்காருவேன். எடுக்காவிட்டால் அப்பா பயந்துபோவார். எடுத்தால் தெருவில் யாரையாவது கூப்பிட்டுக் காட்டுவார். காட்டினால் மறுநாள் புகை. இதில் எந்த இடத்தில் வெளியே வருவது என்று எனக்குத் தெரியவில்லை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்?

ஒரே ஒருத்தருக்குத் தெரிந்தது. என் தாய்மாமன். மதுரையில் மில்லில் வேலை, ஞாயிற்றுக்கிழமைகளில் கருப்பட்டி மிட்டாய்ப் பொட்டலத்தோடு வருவார். ஒரு ஞாயிறு, வேலிப்பக்கம் நின்றுகொண்டு என்னைப் பார்த்துக் கையை ஆட்டியிருக்கிறார். நான் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன். கிட்டே வந்தார்.

"என்ன மாப்ள, மாமன் மேல கோவமா? அங்கனயிருந்து கைய ஆட்டுறேன், முழிச்சுப் பாத்துக்கிட்டே இருக்க?"

"நீங்கதான்னு தெரியல மாமா."

அவர் சிரிக்கவில்லை. பொட்டலத்திலிருந்து ஒரு மிட்டாயை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு பின்னால் நடந்தார். "தெரியுதா? இப்ப தெரியுதா?" என்று கேட்டுக்கொண்டே போனார். முருங்கை மரத்துக்கு வருவதற்கு முன்பே மிட்டாய் காணாமல் போய்விட்டது. மரத்தைத் தாண்டியபோது மாமாவும் காணாமல் போய்விட்டார். சத்தம் மட்டும் இருந்தது.

அப்பாவிடம் போய்ச் சொன்னார். "மச்சான், பயலுக்குப் பார்வையில கோளாறு இருக்கு. எங்க மில்லுல ஒரு பிட்டரு இருக்காரு, இதே கதைதான், கண்ணாடி போட்டதும் சரியாப் போச்சு. மருதைக்குக் கூட்டிட்டு வாங்க, பெரியாஸ்பத்திரியில காட்டுவோம்."

அப்பா அப்போது சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கையைத் தட்டிலேயே உதறினார்.

"கோளாறா? எம் மகனுக்கா? பொழுதன்னைக்கும் படிக்கிறான்டா அவன். குருடனா படிக்கிறான்?"

"குருடுன்னு யாரு சொன்னா..."

"உன் மகன் ரெண்டாப்புல மூணு வருசம் இருந்தான். வயித்தெரிச்சல். இத்தன நாளா யாரு கண்ணு படுதுன்னு தேடிக்கிட்டு இருந்தேன். ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம வந்து நிக்குதுன்னு எனக்குத் தெரியாமப் போச்சு."

மாமா எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். "வாரேன்க்கா" என்று அம்மாவிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அம்மா அடுப்படியில் நின்றுகொண்டிருந்தாள். தம்பி பக்கம் பேசினால் புருஷனுக்கு அது பிள்ளையைச் சபிப்பதாகப் படும். பேசாவிட்டால் பிறந்த வீடு போகும். அவள் ஒரு தட்டைக் கழுவினாள். கழுவின தட்டையே மறுபடியும் கழுவினாள். அதன் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் யாரும் வரவில்லை.

தேர்வு நாள் வந்தது. திருமங்கலம் வரை நடந்து, அங்கே மதுரை பஸ்ஸுக்கு நின்றோம். எனக்குச் சம்சாரி வீட்டுப் பையனின் பழைய சட்டை, ஐந்து பொத்தான், ஐந்தும் இருந்தன. அப்பாவுக்கு வெளுத்த வேட்டி. தூரத்தில் புழுதி கிளம்பினாலே அவருக்குத் தெரிந்துவிடும்.

"பஸ்ஸு வருது. நெத்தியில ஏதோ எழுதியிருக்கு. என்னன்னு படி."

எனக்குப் பச்சையாக ஏதோ பெரிதாக வருவது தெரிந்தது. கண்ணை இடுக்கினேன். பக்கத்தில் வந்தது, நின்றது, ஆட்கள் முட்டி மோதி ஏறினார்கள். பலகைக்குக் கீழே போய் நிற்க நான் ஓடுவதற்குள் கிளம்பிவிட்டது. நின்றிருந்த ஒருவர் கேட்டார்: "மருதை பஸ்ஸுதானே அது? ஏன்ணே ஏறல?"

அப்பா கோபிக்கவில்லை. அதைத்தான் உங்களுக்குச் சொல்ல நினைக்கிறேன். என் தலையில் கை வைத்து, அந்த முன்பின் தெரியாத ஆளிடம் சொன்னார்: "பாட நெனப்புலயே நிக்கிறான்ணே. பஸ்ஸு எல்லாம் இவன் கண்ணுல படாது."

அந்தக் கையின் கனம் இப்போதும் உச்சியில் இருக்கிறது. யோசித்துப் பாருங்கள். அவருக்கு எழுத்து தெரிந்தது, படிக்கத் தெரியாது. எனக்குப் படிக்கத் தெரியும், எழுத்து தெரியவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து நின்றும் ஒரு பஸ்ஸைப் பிடிக்க முடியவில்லை.

அடுத்த பஸ்ஸில் போனதால் தாமதம். வந்த வரிசையில்தான் இடம். எனக்குக் கடைசி பெஞ்சு. பெரிய கூடம், மேலே நாலு மின்விசிறி, அவை சுற்றுகிற சத்தம். அங்கே இருந்த ஆசிரியர் எதுவும் பேசாமல் பலகையில் எழுதத் தொடங்கினார். டக், டக், கீச். எனக்கு முன்னால் இருந்த தலைகள் எல்லாம் குனிந்தன. நான் பென்சிலைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். எழுதி முடித்ததும் வாசிப்பார் என்று நினைத்தேன். எங்கள் வாத்தியார் எப்போதும் வாசிப்பார்.

ஜன்னலுக்கு வெளியே மற்ற தகப்பன்களோடு அப்பா நின்றார். அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கும்: பலகை நிறைய எழுத்து, எல்லாப் பிள்ளைகளும் எழுதுவது, நான் எழுதாமல் இருப்பது. கொஞ்ச நேரம் பொறுத்தார். அப்புறம் அவர் குரல் கூடம் முழுக்கக் கேட்டது.

"ஏன்டா சும்மா உக்காந்திருக்க? எழுதுடா!"

"வாத்தியார் இன்னும் வாசிக்கல யப்பா!"

கூடமே சிரித்தது. ஆசிரியர் ஜன்னலைப் பார்த்து, "யாருய்யா அது, வெளிய இருந்து சொல்லிக் கொடுக்கிறது?" என்று அதட்டினார்.

"எனக்கு எழுத்தே தெரியாது சார்," என்றார் அப்பா. அதற்கும் சிரித்தார்கள்.

ஆசிரியர் பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நல்ல மனிதர். இருந்த இடத்திலிருந்தே கையைத் தூக்கி, "எத்தனை விரல் தம்பி?" என்று கேட்டார். நான் அவருக்குக் கை இருக்கிற இடத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். அவர் நடந்து வந்தார். ஒவ்வொரு பெஞ்சாக நின்று கேட்டார். என் பெஞ்சுக்கு முந்தின பெஞ்சருகே வந்தபோது, "மூணு சார்" என்றேன். அப்போது யாரும் சிரிக்கவில்லை.

முன்னால் உட்கார வைத்து எழுதச் சொன்னார். நேரம் முடியப் போகிறது, முடிந்தவரை எழுதினேன். இடம் கிடைக்கவில்லை. வாசலில் அப்பாவிடம் அவர் பொறுமையாகச் சொன்னார்: "பையனுக்குத் தூரத்துப் பார்வையே இல்லீங்க. எப்படி இவ்வளவு நாள் படிச்சான்னு தெரியல. கண்ணாடி வாங்கிப் போடுங்க."

அப்பா திரும்பத் திரும்ப ஒன்றையே கேட்டார். "ராப்பகலா படிச்சானே சார். ராப்பகலா படிச்சானே."

வெட்கத்தை விட்டு அன்றைக்கே மில் வாசலில் போய் மாமாவுக்காகக் காத்திருந்தார். மாமா ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. மறுநாள் பெரியாஸ்பத்திரி. சில நாளில் கறுப்புச் சட்டம் போட்ட, பாட்டிலின் அடிப்பாகக் கனத்துக்கு ஒரு கண்ணாடி. நழுவாமல் இருக்க அம்மா பின்னால் கயிறு கட்டினாள்.

அதைப் போட்டுக்கொண்டு ஊருக்கு வந்து கண்மாய்க் கரையில் நின்றேன். அதுவரை அந்தப் பக்கம் எனக்கு ஒரு கறுப்புத் தீற்றல்தான். இப்போது தீற்றல் பிரிந்து நின்றது. எண்ணினேன். மறுபடி எண்ணினேன். நான் எதையும் எண்ணுகிறேன் என்று நீங்கள் கேலி செய்கிறீர்களே, அது அங்கே தொடங்கியது.

"யப்பா, பதினோரு பனை!"

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். "இம்புட்டு நாளா எத்தனன்னு நெனச்சுக்கிட்டு இருந்த?"

"ஒண்ணுன்னு."

அவர் பனைகளைப் பார்த்தார், என் கண்ணாடியைப் பார்த்தார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அந்த ஒரு கணம் அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் மறுநாள் டீக்கடையில் அவர் சொன்னதை நான் என் காதால் கேட்டேன்.

"படிச்சுப் படிச்சே கண்ணக் கெடுத்துக்கிட்டான்யா எம் மகன். மிஷன் பள்ளிக்கூடத்து சாரே மெரண்டு போனாரு. இப்படி உழைச்ச பிள்ளைய நாங்க பாத்ததே இல்லைன்னாரு."

அன்றிலிருந்து அதுதான் கதை. சம்சாரியம்மாகூட நம்பினார். கண்ணாடிப் பிள்ளை மாட்டுக்கு ஆகாது என்று விட்டுவிட்டார். நான் திருமங்கலத்தில் சேர்ந்து படித்தேன். பலகை கண்ணுக்குத் தெரிந்ததால் மூன்று தடவை எழுத வேண்டியிருக்கவில்லை. சாயங்காலம் பந்து விளையாடப் போனேன். சுமாராகத் தேறி, சுமாராக ஒரு வேலைக்குப் போனேன். அப்பாவின் மனசில் நான் ஐந்தாம் வகுப்பிலேயே நின்றுவிட்டேன். என் கல்யாணப் பந்தியில்கூட சம்பந்திக்காரர்களிடம் மூக்கில் ஒட்டிய புத்தகத்தைத்தான் சொன்னார். ஆனால் வீட்டில் நான் செய்தித்தாளை எடுத்தால் பதறுவார். "போதும்யா, வச்சிரு. இருக்கிற கண்ணையாவது வச்சுக்க." என் கண்ணைத் தான்தான் வாங்கிவிட்டோம் என்று அவர் நினைத்தார். பெருமையும் அதுவேதான், பாரமும் அதுவேதான். ஒன்றை எடுத்தால் மற்றதும் போய்விடும். நான் எத்தனையோ தடவை, "படிச்சதால இல்லப்பா, புத்தகம் தொடுறதுக்கு முன்னாடியே எனக்கு அக்கரை தெரியாது" என்று சொல்லிப் பார்த்தேன். காதில் வாங்க மாட்டார்.

அவருக்கு வயதானபோது இரண்டு கண்ணிலும் புரை விழுந்தது. செவலை மாடு, மயிலை மாடு எல்லாம் போய், எதிரே நிற்கிற என்னையே குரலை வைத்துக் கண்டுபிடிக்கிற நிலை. அதே பெரியாஸ்பத்திரியில் சேர்த்தேன். ஒரு கண்ணில் அறுவை முடிந்து கட்டுப் போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். மத்தியானம். என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"நான் ஒரு எழுத்து படிச்சதில்லையேப்பா. எனக்கு எதுக்குக் கண்ணு போச்சு?"

கட்டிலில் கிடந்த அவர் துண்டை மடித்து வைத்தேன். அப்புறம் சொன்னேன். "வயசானா எல்லாருக்கும் வரும்ப்பா. படிக்கிறதுக்கும் கண்ணு போறதுக்கும் சம்பந்தம் இல்ல."

"அப்ப உனக்கு?"

"எனக்குப் பிறவியிலயே அப்படித்தான். அதனாலதான் புத்தகத்த மூக்குல வச்சுப் படிச்சேன். உங்களால ஒண்ணும் ஆகல. நீங்க அத மனசுல வச்சுக்க வேணாம்."

கட்டுப் போட்ட முகத்தை என் பக்கமே வைத்துக்கொண்டிருந்தார். உதடு அசைந்தது. கேட்டுவிட்டார் என்று நினைத்தேன். பிறகு மெல்ல மறுபக்கம் திரும்பி, பக்கத்துக் கட்டிலில் இருந்த பரவை ஊர்க்காரரைக் கூப்பிட்டார். அவருக்கும் கட்டு.

"அண்ணே, கேட்டீகளா? எம் மேல பழி வந்துறக் கூடாதுன்னு எப்படிச் சொல்றான் பாத்தீகளா? பச்சப் பிள்ளையில ராப்பகலாப் படிச்சுக் கண்ண விட்டவன்ணே இவன். இடி விழுந்தாலும் தலையத் தூக்க மாட்டான்."

"குடுத்து வச்சவரு நீங்க" என்றார் பரவைக்காரர்.

அப்பா சிரித்தார். கட்டின் ஓரம் நனைந்தது. கட்டு ஈரமாகக் கூடாது என்று நர்சு சொல்லியிருந்தாள். நான் அதைச் சொல்லாமல் எழுந்து நின்று வார்டைப் பார்த்தேன். கட்டில்கள் பதினெட்டு. முதல் தடவை பதினேழு வந்தது, அப்பாவுடையதை விட்டுவிட்டேன். மறுபடி எண்ணினேன்.